ஊசிக்குருவி எந்தப் பக்கம்

இடது பக்கம்தான், அதில் என்ன சந்தேகம், அந்தச் சாய்ந்த மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் எங்கிருந்தோதான் வருகிறது, ஊசிமுனையால் கண்ணாடியைக் கீறுகிற மாதிரி அவ்வளவு மெலிசாக, ஸீ... ஸீ... என்று, கட்டைவிரல் அளவுப் பறவைக்கு இத்தனை மெலிசாக ஒரு குரல் எதற்கு, யாருக்குக் கேட்கும் என்று நினைத்துக் கத்துகிறது? அவளுக்குக் கேட்டது. கேட்காமல் எப்படிப் போகும், இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் ஊரார் காதையெல்லாம் சோதித்துச் சோதித்து எழுதிக் கொடுக்கிறவள், அவளுக்குக் கேட்காவிட்டால் வேறு யாருக்குக் கேட்கும். மடியில் பரீட்சை அட்டை, அதில் ஒரு தாள், தாளில் பெரிய வட்டம், வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் நாம் அத்தை, மேல் பக்கம் பாதை போகிற திசை, குருவி எங்கிருந்து கத்துதோ அங்க ஒரு பெருக்கல் குறி போடுங்க, அவ்வளவுதான், என்று மாப்பிள்ளை காலையில் சொல்லிக் கொடுத்தார். பாதையோரம் எட்டுக் கம்பம், கம்பத்துக்கு ஆறு நிமிடம், ஒரு தாள், முதல் கம்பத்தில் ஒன்றும் கத்தவில்லை, இது இரண்டாவது. அவள் வட்டத்தின் இடது பாதியில் ஒரு பெருக்கல் குறி போட்டாள், கொஞ்சம் அழுத்தியே போட்டாள், ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் தன் அட்டையை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்கக் கூடாதாம், ஆறு நிமிடம் மூச்சு விடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கூடாதாம். அந்த விதி அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இது காது சோதிக்கிற தன் ஆட்கள் வைத்த விதி மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது.

வீட்டில் இந்த மனுஷரைப் பேச வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கல்யாணமாகி ஒன்றரை வருடம், வாங்க அத்தை, சாப்பிட்டீங்களா அத்தை, வரேன் அத்தை, இந்த மூன்றைத் தாண்டி நாலாவது வாக்கியம் அவர் வாயிலிருந்து விழுந்து அவள் பார்த்ததில்லை. காட்டில் வேலை பார்க்கிறவருக்கா பெண்ணைக் கொடுக்கிறோம், இவள் அங்கே மரத்தோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று வீட்டுக்காரரிடம் அன்றைக்குப் புலம்பினாள். இங்கே வந்து பார்த்தால், தேசியப் பூங்காவின் வாசல் கம்பியைத் தாண்டியதும் வேறு ஆளாகிவிட்டார், இது மானோட புழுக்கை இல்ல அத்தை, முள்ளம்பன்றியோடது, பாருங்க ஒரு பக்கம் கூரா இருக்கு, இந்த மரத்துல இந்தக் கீறல் போன வாரம் இல்ல, என்று காலடிக்கு ஒரு சேதி. முள்ளம்பன்றிப் புழுக்கையைக் குனிந்து பார்க்கும் நாள் ஒன்று தன் வாழ்க்கையில் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை, ஆனால் குனிந்தாள், கூராகத்தான் இருந்தது, ஏன் கூராக இருக்கிறது என்று கேட்கவும் செய்தாள். கூட எண்ண வருகிற காவலர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம், இரண்டு பேர் இல்லாமல் எண்ணிக்கை செல்லாதாம். நேற்றுச் சாயங்காலம் தயங்கித் தயங்கி வந்து, அத்தை, உங்களுக்குத்தான் பாம்புக் காதுன்னு இவ சொல்வா, நாளைக்கு என்கூட வர முடியுமா, என்று கேட்டாரே, அப்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மகளையும் வீட்டுக்காரரையும் க்வார்ட்டர்ஸில் விட்டுவிட்டு, வெளிச்சம் வரும் முன்பே ஷூவை மாட்டிக்கொண்டு நின்றாள்.

கைக்கடிகாரம் லேசாக அதிர்ந்தது, ஆறு நிமிடம் ஆகிவிட்டது, அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவருடைய வட்டத்தில் ஒரு குறி, வலது பக்கம். அவளுடையதில் ஒன்று, இடது பக்கம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் போட்டால் அது ஒரு குருவி, வேறு வேறு இடத்தில் போட்டால் வேறு வேறு குருவி, கணக்கு அப்படி. "ரெண்டு!" என்றார் மாப்பிள்ளை, "எனக்கு இடது பக்கம் கேக்கவே இல்ல அத்தை, நல்ல வேளை நீங்க வந்தீங்க." அவள் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டாள். உங்களுக்கு வயசு இருக்கு மாப்பிள்ளை, பழக்கம்தான் வேணும், என்று சொல்ல வந்து, மாப்பிள்ளையிடம் அதிகப்பிரசங்கித்தனம் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

மூன்றாவது கம்பத்துக்குப் பாதை ஏறியது, ஈர வேர்கள் குறுக்கே ஓடின, வலது பக்கம் ஓடை கூடவே வந்தது. ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற மெஷினைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வந்திருக்கிறாள், வந்த இடத்திலும் அது விடுகிறதா... தினம் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்னால் ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு மெஷின் சரியாகச் சத்தம் தருகிறதா என்று கேட்டுப் பார்ப்பது அவள் வேலை. சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு, தடித்த சத்தத்தில் தொடங்கி மெலிந்துகொண்டே போய், கடைசி எண் எட்டாயிரம், அதுதான் இருப்பதிலேயே மெலிசு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் சிவப்புப் பக்கம் எட்டாயிரத்தில் சத்தம் வரவில்லை. எழுதிப் போட்டாள். மெஷின்காரர் வந்தார், தன் பெட்டியைப் பொருத்திப் பார்த்தார், எல்லாம் சரியா இருக்கு மேடம் என்றார். எனக்கே காது குத்துறீங்களா என்று கேட்டதற்கு அந்த ஆள் சிரிக்கக்கூட இல்லை. கழற்றிக்கொண்டு போகச் சொன்னாள், கொண்டுபோய் ஐந்து நாள் வைத்திருந்து, பழுதில்லை என்று ஒரு தாளோடு திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கும் சிவப்பில் எட்டாயிரம் இல்லை. கோபம் தலைக்கேறி, புது மெஷின் வேண்டும் என்று கடிதமே எழுதினாள், டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார், "உங்க காதை நம்பிப் போடறேன்" என்றார். திங்கட்கிழமை அந்த மெஷின்காரர் பெரிய பெட்டியோடு மூன்றாவது தடவை வருகிறார். வரட்டும். இந்தத் தடவை என்ன சொல்லி மழுப்புகிறார் என்று பார்ப்போம். நேற்று ராத்திரி சாப்பிடும்போது இந்தக் கதையைக் கைகால் வைத்து இவர்களிடம் சொன்னாள், மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், மாப்பிள்ளை மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் சாதத்தைப் பிசைந்தார். என்ன கேட்க வந்தார்?

மூன்றாவது கம்பம். மஞ்சள் தலை, ஈரத்தில் பாசி. ஆறு நிமிடம். முதல் நிமிடத்தில் ஒன்றுமில்லை, ஓடைதான், எங்கோ ஒரு மரங்கொத்தி, அது வேறு சாதி, அதை எண்ண வேண்டாம். அப்புறம் ஸீ... இடது. ஸீ ஸீ... அதுவும் இடதுதான், ஆனால் கொஞ்சம் தள்ளி, வேறு குருவி. எத்தனை அழகாகப் பிரித்துச் சொல்கிறது காது, என்று அவளுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. இரண்டு குறி போட்டாள். அட்டைகளைச் சேர்த்து வைத்தபோது அவருடையதிலும் இரண்டு, இரண்டும் வலது பக்கம், ஓடைக்கு அந்தப் புறம். "நாலு!" மாப்பிள்ளையின் குரல் உடைந்தது, தொப்பியைக் கழற்றிவிட்டார், "அத்தை, இந்தக் கம்பத்துல நாலு வந்ததே இல்ல, அஞ்சு வருஷமா எண்றேன்." இந்த மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குருவியாம், போன வருடம் மொத்தமே இருபத்திரண்டு. முப்பதைத் தாண்டினால், மூடி வைத்திருக்கும் மேல் பாதையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்துவிடலாம் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்களாம். மேல் பாதையில்தான் அது கூடு கட்டுகிறதாம், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு ஆள் உரசிப் போனாலும் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடுமாம். "இவ்ளோ இருந்தா பரவாயில்ல, தாங்கும்," என்றார், என்றாலும் சொல்லும்போது மேல் பாதை பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டும் இருபத்திரண்டும், தன் வருடங்களும் குருவிகளும் ஒன்றாக இருக்கிறதே என்று அவள் சும்மா நினைத்தாள். முழங்கால் உயரத்தில் எதற்குக் கூடு கட்டவேண்டும், இவ்வளவு பெரிய மரங்கள் இருக்கும்போது? கேட்டாள். "யாருக்கும் தெரியாது அத்தை," என்றார், தெரியாது என்பதை எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார் இந்த மனுஷர்.

நாலாவது கம்பத்தில்தான் அது நடந்தது. நடந்தது என்று சொல்ல என்ன இருக்கிறது, திரும்பினாள், அவ்வளவுதான். பாதையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள், இடது பக்கம் ஸீ... என்றது, குறி போட்டாள், அப்போது முதுகுப் பக்கம் சருகு நொறுங்கியது, திரும்பிப் பார்த்தால் ஒரு சின்ன மான், முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, மெல்லிய கால்களில் நின்று அவளையே பார்த்தது, அவளும் பார்த்தாள், இரண்டு பேருக்கும் யார் முதலில் நகருவது என்று தெரியவில்லை. ஈர மூக்கு, காதுகள் மட்டும் தனித்தனியாகத் திரும்பின, ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வொரு புத்தி இருக்கிற மாதிரி. அந்த நேரத்தில் குருவி மறுபடி கத்தியது, இடது பக்கம். இடது பக்கமா? இப்போது பின்னால் திரும்பி நிற்கிறேனே, அப்படியென்றால் முன்பு இடது என்பது இப்போது வலது இல்லையா... பறந்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் பறந்திருக்கும், குருவி என்றால் பறக்காதா. மான் போய்விட்டது, அவள் மெதுவாக முன்னால் திரும்பினாள். ஸீ... இடது. மறுபடி பின்னால் திரும்பினாள், கேலிக்கூத்தாக இருந்தது, ஒரு பொம்பளை காட்டுக்குள் நின்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறாள், ஸீ... இடது. நான் திரும்புகிற போதெல்லாம் கூடவே இடம் மாறுகிற குருவி ஒன்று உலகத்தில் உண்டா? முதலில் பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம், முதலில் வந்தது வெறும் ஆவல், இது எப்படி, இது எதனால், என்று முள்ளம்பன்றிப் புழுக்கையைப் பார்த்த அதே ஆவல். கை தானாக மேலே போயிற்று, ஆள்காட்டி விரல் இடது காதை அடைத்தது.

ஓடை இருந்தது. மரங்கொத்தி இருந்தது. தன் மூச்சு இருந்தது. குருவி இல்லை. விரலை எடுத்தாள், ஸீ... அடைத்தாள், இல்லை. எடுத்தாள், இருந்தது. இரண்டே நொடி. ஹெட்போனைத் தலையில் திருப்பி மாட்டி, சிவப்பை இடது காதில் வைத்துப் பார்த்தால் மெஷினுக்குப் பழுதா காதுக்குப் பழுதா என்று தெரிந்துவிடும், அதற்கும் இதே இரண்டு நொடிதான். வேலையில் சேர்ந்த முதல் நாளில் கற்றுக்கொள்கிற விஷயம், புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் அவளே சொல்லிக் கொடுக்கிற விஷயம், சந்தேகம்னா மொதல்ல மாத்திப் போடு, அப்புறம் மெஷின திட்டு. மூன்று வாரமாக அவள் மாற்றிப் போடவில்லை. மறந்துவிட்டாளா? இருபத்திரண்டு வருடத்தில் மறக்காதது இந்த மூன்று வாரம் மட்டும் எப்படி மறக்கும்... போனை எப்போதிலிருந்து இடது காதில் வைத்துப் பேசுகிறாள்? முன்பெல்லாம் வலது காதில் வைத்துத் தோளால் அழுத்திக்கொண்டே எழுதுவாளே. வீட்டுக்காரர் எப்போதும் வலது பக்கம்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார், முணுமுணுக்காதீங்க, வாயைத் திறந்து பேசுங்க என்று அவரைத் தினம் வறுத்தெடுக்கிறாளே, பாவம் அந்த மனுஷர் என்றைக்காவது முணுமுணுத்தாரா? ஒரு பக்கம் மட்டும் குறையுதுன்னா சும்மா விடாதீங்க, உடனே டாக்டரைப் பாருங்க, என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கே காது குத்துறீங்களா என்று மெஷின்காரரிடம் கேட்டாள். குத்தினது யார்.

ஆறு நிமிடம் முடிந்துவிட்டது, மாப்பிள்ளை அட்டையை நீட்டிக்கொண்டு வந்தார், அவர் குறி வலது பக்கம் ஒன்று. காதும் காதும் வைத்த மாதிரி இதை முடித்துவிடலாம், அவளுக்குத் தோன்றாமல் இல்லை. இன்னும் நாலு கம்பம்தான், இனிமேல் தலையைத் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டு ஒழுங்காகக் குறி போட்டால் போயிற்று, நடந்தது நடந்ததாக இருக்கட்டும், மூன்று குருவி கூடக் குறைய இருந்தால் மலை இடிந்துவிடுமா... கூட. மூன்று அதிகம், இல்லை, இதையும் சேர்த்தால் நாலு அதிகம், எட்டுக் கம்பம் போவதற்குள் முப்பது, மேல் பாதை, முழங்கால் உயரத்தில் கூடு. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாள். தாங்கும் என்று சொல்லிவிட்டு மேல் பாதையைத் திரும்பிப் பார்த்த முகம்.

"மாப்பிள்ளை, என் தாளெல்லாம் தப்பு." சொல்லிவிட்டாள். கம்பத்தின் பக்கத்தில் கிடந்த மரத்தில் உட்கார்ந்தாள். "நமக்கு ரெண்டு பேருக்கும் கேட்டது ஒரே குருவிதான். மெலிசான சத்தத்துக்கு எனக்கு வலது பக்கம் வேலை செய்யல. எது கத்தினாலும் இடது பக்கமாத்தான் தெரியுது." அவர் ஐயோ என்று சொல்லவில்லை, அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை என்றும் சொல்லவில்லை, அதற்காகவே அந்த நிமிடம் அவரைப் பெற்ற பிள்ளையாக நினைக்கத் தோன்றியது. தன் அட்டையைப் பார்த்துக் கேட்டார். "அப்ப மூணாங்கம்பத்துல ரெண்டுதானா?" "ரெண்டுதான். உங்க ரெண்டு." அவர் பையிலிருந்து அவளுடைய பழைய தாள்களை எடுத்தார், அவள் பென்சிலின் பின்பக்க ரப்பரைத் தேடினாள், "அழிக்கக் கூடாது அத்தை," என்றார், "ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல காரணம் எழுதணும், அதான் ரூலு." பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "காரணம் என்னன்னு எழுதட்டும்?"

என்ன காரணம்... ஈரக்காற்று, ஓடைச் சத்தம், பழக்கமில்லாத ஆள், எத்தனை காரணம் எழுதலாம், அவள்தானே காரணம் எழுதிப் பிழைக்கிறவள். நேற்று இவர் கேட்க வந்து கேட்காமல் விட்டது என்ன என்று இப்போது தெரிந்தது, மாற்றிப் போட்டுப் பார்த்தீங்களா என்றுதான் இருந்திருக்கும், காட்டில் தன் காதையே நம்பி எண்ணுகிறவருக்கு அது தோன்றாமல் போகுமா, மாமியாரிடம் எப்படிக் கேட்பது என்று விட்டிருப்பார். "குடுங்க," என்று பென்சிலை வாங்கினாள். எண்ணியவருக்கு வலது காதில் மெலிசான சத்தம் கேட்கவில்லை என்று எழுதினாள், மூன்று தாளிலும் எழுதினாள், முத்து முத்தான கையெழுத்து, ஆஸ்பத்திரிக் கையெழுத்து. எழுதி முடித்தபோதுதான் இதே கையெழுத்தில் இதே பேனா பிடிக்கிற விரல்களால் எழுதிய இன்னொன்று ஞாபகத்துக்கு வந்தது.

ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண். ஏழு வயசு இருக்கும், வகுப்பில் கவனிப்பதே இல்லை, காது கேட்கிறதா பாருங்கள் என்று டீச்சர் சொன்னாராம், அம்மா அழைத்து வந்திருந்தாள். மெஷின்காரர் முதல் தடவை வந்து போன மறுநாள். எட்டாயிரத்தைச் சிவப்பில் அமுக்கினாள், அந்தப் பெண் விரலைத் தூக்கினாள். சத்தமே வராத மெஷினில் இவளுக்கு எப்படிக் கேட்கும்? சோதனை அறையின் கண்ணாடி வழியாக என் கை அசைவதைப் பார்க்கிறாள் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். மறுபடி தூக்கினாள். கணக்குப் போட்டுத் தூக்குகிறாள் என்று நினைத்து இடைவெளியை மாற்றி மாற்றி அமுக்கினாள், ஒவ்வொரு தடவையும் சரியாக, ஒரு நொடி பிசகாமல், அந்தச் சின்ன விரல். அறைக்குள் போய் ஹெட்போனை விலக்கி, "கேட்டா மட்டும்தான் கண்ணு தூக்கணும், சும்மா சும்மா தூக்கினா அது பொய்யி," என்றாள், அம்மாக்காரி பின்னாலிருந்து மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள். அதற்குப் பிறகு எட்டாயிரத்தில் விரல் எழவில்லை. பாருங்கள், நோயாளிக்கும் கேட்கவில்லை என்று, புது மெஷின் கேட்ட கடிதத்தில் அதை ஒரு சாட்சியாகவே சேர்த்தாள். டாக்டர் படிக்காமல் போட்ட கையெழுத்துக்கு மேலே அந்த வரி இருக்கிறது.

அடுத்த கம்பத்தில் இருவரும் வேறு மாதிரி நின்றார்கள். இது அவள் யோசனைதான், திசை என்னால சொல்ல முடியாது மாப்பிள்ளை, கத்துதா இல்லையான்னு மட்டும் இடது காதால சொல்றேன், நீங்க எங்கேன்னு போடுங்க, இது செல்லுமா? ரூலில் இருக்கிறதா தெரியவில்லை, பார்ப்போம் என்றார். அவர் கண்ணை மூடினார். அவள் அவர் பக்கத்தில், கேட்டால் விரலைத் தூக்க வேண்டியவளாக, முதல் தடவையாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இலையில் நீர் சொட்டியது. மூங்கில் எங்கோ உரசியது. திங்கட்கிழமை டாக்டர் மேஜைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள், மெஷின் நல்லா இருக்கு சார் என்று தொடங்கவேண்டும், அதற்குப் பிறகு என்ன... ரெட்டைப் பின்னல் வீட்டு விலாசம் பதிவேட்டில் இருக்கும், போகலாம், போய், உனக்குக் கேட்டது கண்ணு, நீ பொய் சொல்லல என்று சொல்லலாம். அப்போது ஏதோ ஒன்று, மெலிசாக, இருக்கிறதா இல்லையா என்கிற எல்லையில்... குருவியா, இல்லை காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் காதுக்குள் மிச்சம் நிற்கிறதா? விரல் பாதி எழுந்தது. தூக்குவதா? கண்ணைத் திறக்காமலிருக்கிற மாப்பிள்ளையின் முகத்தை அவள் பார்த்தாள், அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று, அவருக்குக் கேட்டிருந்தால் தனக்கும் கேட்டதாக வைத்துக்கொள்ளலாமே என்று. அப்படியே நின்றுவிட்டாள். கடைசி நாலைந்து அமுக்கலின்போது ரெட்டைப் பின்னலும் இப்படித்தான், விரலைப் பாதி எழுப்பி, கழுத்தைத் திருப்பி, கண்ணாடி வழியாக இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக மடக்கிக்கொண்டாள். அப்போதும் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், தாளைத் திருத்தலாம், ஆனால் இனிமேல் மெலிசாக எது கேட்டாலும் அந்தப் பெண் முதலில் யார் முகத்தைப் பார்ப்பாள்?

"கேக்குதா அத்தை?" மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமல், காற்றைவிடச் சன்னமாகக் கேட்டார். பாதி எழுந்த விரல் அப்படியே இருந்தது, இருங்க, என்றாள் அவள், அவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு.